புகைக்காதவர் அட்டவணை

அன்று நான் போட்டுத் தந்த தேநீரைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டீர்கள், தம்பி. குறையாகச் சொல்லவில்லை. கொழும்பு பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்றீர்கள். அந்த அவசரம் எனக்கு விளங்குகிறது. சீனி கூடிவிட்டதோ என்று பிறகு யோசித்தேன். இன்னொருவருக்குத் தேநீர் போட்டு நாளாகிவிட்டதால் கை அளவு தவறியிருக்கலாம்.

நீங்கள் கேட்டது ஒரே ஒரு கேள்வி. காலஞ்சென்ற கொன்ஸ்ரன்ரைன், காப்புறுதி எடுத்த நாளில் புகைப்பவராக இருந்தாரா, இல்லையா? முன்மொழிவுப் படிவத்தில் சாட்சியாகக் கையெழுத்து வைத்தவன் நான் என்பதால் என்னிடம் வந்தீர்கள். அவர் பொய் சொல்லிக் காப்புறுதி எடுத்ததாக உங்கள் கந்தோருக்கு வந்த பெயரில்லாத கடிதத்தையும் காட்டினீர்கள். யார் எழுதியிருப்பார்கள் என்று கேட்டதற்கு, சொல்ல முடியாது என்றேன். மற்றக் கேள்விக்கு எழுத்தில் பதில் தருகிறேன் என்றேன். இதுதான் அந்தப் பதில். கொஞ்சம் நீளமாக இருக்கும். ஒரு சொல்லில் தந்தால் நீங்கள் தவறான முடிவுக்கு வந்துவிடுவீர்கள்.

உங்கள் கம்பனியில்தான் நானும் முப்பத்து நான்கு ஆண்டுகள் வேலை செய்தேன். கணிப்புப் பிரிவு. நீங்கள் சேர்வதற்கு முன்பே ஓய்வுபெற்றுவிட்டேன். சந்தியோகு என்று சொன்னால் பழையவர்கள் சிலருக்கு ஞாபகம் வரலாம், வராமலும் போகலாம். எங்கள் பிரிவுக்கு ஆட்கள் வருவதில்லை. வயதுகள் வரும், மரணத் திகதிகள் வரும். கொட்டாஞ்சேனையில் ஒரு அறையில் வாடகைக்கு இருந்தேன். கல்யாணம் செய்யவில்லை. அதற்குத் தனியாக ஒரு காரணமும் இல்லை. யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

இறப்பு அட்டவணை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஆனாலும் எழுதுகிறேன், இதை வேறு யாராவது வாசிக்கக்கூடும். ஐம்பத்தொரு வயது ஆண்கள் ஆயிரம் பேரை எடுத்தால், அடுத்த பிறந்தநாளுக்கு முன் எத்தனை பேர் இறப்பார்கள் என்று அதில் இருக்கும். நான் சேர்ந்த காலத்தில் எல்லாருக்கும் ஒரே அட்டவணை. பிறகு இரண்டாகப் பிரித்தோம். பழைய கோப்புகளைத் தூசி தட்டி எடுத்து, ஒவ்வொரு மரணத்தையும் புகைத்தவர், புகைக்காதவர் என்று இரண்டு பக்கமாக அடுக்கியவர்களில் நானும் ஒருவன். அந்த வயதில் புகைக்காதவர்களில் ஐந்து பேர் என்றால், புகைப்பவர்களில் பதினொரு பேர். முதல் முறை அந்தக் கணக்கு வந்தபோது பிழை என்று நினைத்து மூன்று நாள் திரும்பத் திரும்பப் பார்த்தேன். பிழை இல்லை.

அட்டவணை இரண்டானால் காப்புறுதிக்குக் கட்டும் கட்டுப்பணமும் இரண்டாகும், ஒதுக்கமும் இரண்டாகும். ஒதுக்கம் என்பது இனி இறக்கப்போகிறவர்களுடைய வீட்டாருக்காகக் கம்பனி இன்றே எடுத்துவைக்கும் பணம். புகைக்கிற ஒருவன் புகைக்காதவர் அட்டவணைக்குள் நுழைந்துவிட்டால், அவனுக்கென்று எடுத்துவைத்தது காணாது; மற்றவர்கள் கட்டியதில் கைவைக்க வேண்டிவரும். அதற்காகத்தான் படிவத்தில் அந்தக் கேள்வி இருக்கிறது. கடந்த பன்னிரண்டு மாதங்களில் சிகரெட், பீடி, சுருட்டு எதையாவது பாவித்தீர்களா? பன்னிரண்டு மாதம் தொடாதவர் புகைக்காதவர். அந்தப் பன்னிரண்டை வைப்பதா, இருபத்துநான்கை வைப்பதா என்று நடந்த கூட்டத்தில் குறிப்பெடுத்தவன் நான்.

2013இல் ஓய்வுபெற்று என் சொந்த ஊரான பள்ளிமுனைக்கு வந்தேன். அப்பா அம்மாவின் வீடு பூட்டிக் கிடந்தது. போர்க்காலம் முழுவதும் ஊரில் இல்லாதவனோடு ஊர் பேசுவதற்கு அதிகம் இருக்கவில்லை. பூசைக்குப் போனால் தலையசைப்பார்கள். கடையில் என்ன வேண்டும் என்று கேட்பார்கள். ஒரு கிழமை முழுவதும் என் குரலை நான் கேட்காமலே இருந்ததுண்டு. இதைக் கவலையாகச் சொல்லவில்லை. நிலைமையை விளக்குகிறேன்.

அடுத்த வளவு கொன்ஸ்ரன்ரைனுடையது. படகு எஞ்சின் திருத்துகிறவர், அப்போது நாற்பத்தொன்பது வயது. ஒரு நாள் பின்னேரம் வேலிப் பொட்டுக்குள்ளால் தலையை நீட்டினார்.

"அண்ணை, உங்கட வளவுக்க நிண்டு ஒண்டு பத்தட்டோ? வீட்டில மனிசி விடாது. பிள்ளைக்கு மூச்சு இழுப்பு."

"வாங்கோ," என்றேன்.

அன்றிலிருந்து ஐந்து மணியானால் வருவார். முற்றத்துக் கதிரையில் இருந்து இரண்டு, சில நாள் மூன்று சிகரெட் பிடிப்பார். ஆறரைக்குப் போவார். அந்த ஒன்றரை மணி நேரமும் பேச்சுத்தான். எந்தப் படகுக்காரன் எஞ்சினுக்கு மண்ணெண்ணெயை அளவுக்கு மிஞ்சிக் கலந்து அதைக் கெடுத்தான், விடத்தல்தீவில் கொடுக்குக் கட்டின நண்டு என்ன விலை போனது, மகள் கிறேஸ் கணக்கில் எத்தனை எடுத்தாள். என்னிடமும் கேட்பார். கொழும்பில் மழை பெய்தால் வெள்ளம் எங்கே நிற்கும் என்று ஒரு முறை கேட்டார். முப்பத்து நான்கு ஆண்டு கொழும்பில் இருந்தேன், அப்படி ஒருவரும் என்னைக் கேட்டதில்லை. நான் அரை மணி நேரம் பதில் சொன்னேன்.

நான் புகைப்பதில்லை. ஒரு முறைகூடத் தொட்டதில்லை. அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

2014 ஆவணி மடுத் திருவிழாவுக்குக் குடும்பமாகப் போனார்கள். மகளின் இழுப்புக்காக மாதாவின் முன்னால் நேர்த்தி வைத்துவிட்டு வந்தார்: இனிச் சிகரெட் தொடுவதில்லை. திரும்பி வந்த அன்று வேலிக்கு அப்பால் நின்றே சொன்னார்.

"விட்டிட்டன் அண்ணை. இனி உங்களுக்கும் கரைச்சல் இல்லை."

நல்லது என்றேன். உண்மையிலேயே நல்லதுதான், எவ்வளவு நல்லது என்று இந்தத் தீவிலேயே சரியாக அறிந்தவன் நான் ஒருவன்தான். ஆனால் புகைப்பதற்காக வந்தவருக்கு இனி வருவதற்குக் காரணம் இல்லை என்பதை நான் யோசித்திருக்கவில்லை. முதல் கிழமை ஐந்து மணிக்குக் கதிரையை எடுத்து வெளியே போட்டேன். இரண்டாவது கிழமையும் போட்டேன். அவர் வேலிக்கு அப்பால் மகளோடு சிரித்துப் பேசும் சத்தம் தெளிவாகக் கேட்கும்.

அந்த மாதத்தில்தான் கடைக்குப் போய் ஒரு பெட்டி சிகரெட் வாங்கினேன். கடைக்காரர் ஜமால்தீன், "ஆருக்கு ஐயா?" என்று கேட்டார். வருகிறவர்களுக்கு என்றேன். முற்றத்து மேசையில் நெருப்புப்பெட்டியோடு வைத்தேன். கடற்காற்றின் ஈரத்தில் சிகரெட் நமத்துப்போகும்; ஆகையால் இரண்டு கிழமைக்கு ஒரு முறை பழையதை எறிந்துவிட்டுப் புதிய பெட்டி வைத்தேன். அப்படிப் பதினாறு மாதம். அவரைக் கூப்பிடவில்லை. ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இடையில் 2015 ஐப்பசியில் உங்கள் முகவர் சீவரத்தினம் அவருடைய வீட்டுக்கு வந்தார். படிவத்துக்குச் சாட்சி வேண்டும் என்று என்னை அழைத்தார்கள். பிரான்சிஸ்கா, அதாவது கொன்ஸ்ரன்ரைனின் மனைவி, பலகாரம் வைத்தா. சீவரத்தினம் அந்தக் கேள்வியை வாசித்ததும் கொன்ஸ்ரன்ரைன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இல்லை. மாதா சாட்சியா, பதினாலு மாசம்."

எல்லாரும் சிரித்தார்கள். நான் கையெழுத்து வைத்தேன். அவர் சொன்னது உண்மை. உங்கள் கேள்விக்கான பதில் இதுதான், தம்பி. அந்த நாளில் அவர் புகைக்காதவர். வேறு யார் என்ன எழுதியிருந்தாலும் அது பொய்.

மீதியையும் எழுதுகிறேன். அது இல்லாமல் ஆஸ்பத்திரிக் கோப்பில் 'நீண்டகாலப் புகைப்பழக்கம்' என்று ஏன் இருக்கிறது என்று நீங்கள் கேட்பீர்கள்.

அந்த மார்கழி முடியும் தறுவாயில் கிறேஸுக்கு விடத்தல்தீவில் கல்யாணம். அவளை அனுப்பிவிட்டு வந்த மறுநாள் பின்னேரம், கூப்பிடாமலே கொன்ஸ்ரன்ரைன் என் முற்றத்துக்கு வந்து கதிரையில் இருந்தார். வாடைக்காற்று அடித்துக்கொண்டிருந்தது.

"வீடு விறைச்சுப்போய்க் கிடக்கு அண்ணை," என்றார்.

தேநீர் போட்டுக்கொண்டு வாறன் என்று உள்ளே போனேன். மேசையில் பெட்டி இருந்தது. அன்று தேநீர் போட எனக்கு வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்தது. தண்ணீர் கொதித்த பிறகும் அடுப்படியில் நின்றேன். நெருப்புக்குச்சி உரசும் சத்தம் கேட்டது. பிறகுதான் வெளியே வந்தேன்.

அவர் அழுதுகொண்டிருந்தார். "மாதா மன்னிப்பா என்ன?" என்று கேட்டார். ஓம் என்றேன்.

அடுத்த நாள் ஐந்து மணிக்கு வந்தார். அதற்கடுத்த நாளும் வந்தார்.

நான் யோசிக்காமல் செய்தேன் என்று நீங்கள் நினைக்கக் கூடாது. அன்றிரவு தாளும் பென்சிலும் எடுத்து இரண்டு அட்டவணைகளையும் போட்டுப் பார்த்தேன். எனக்கு அவை மனப்பாடம். ஐம்பத்தொரு வயதுப் புகைக்காதவருக்குச் சராசரியாக இன்னும் இருபத்தாறு ஆண்டுகள். புகைப்பவருக்குப் பத்தொன்பது. வித்தியாசம் ஏழு. அந்த ஏழு ஆண்டும் அவருடையவை, மறுக்கவில்லை. ஆனால் இருபத்தாறு ஆண்டும் வேலிக்கு அப்பால் கழிந்தால் எனக்கு வருவது பூச்சியம். பத்தொன்பது ஆண்டில், ஞாயிறும் அவர் வராத நாட்களும் போக, ஐயாயிரத்துக்கு மேற்பட்ட பின்னேரங்கள். எனக்கு அப்போது அறுபத்திரண்டு வயது. என் பக்கத்து அட்டவணைப்படி பார்த்தால், அவர் போவதற்கு முன்பே நான் போய்விடுவேன். கணக்கு எல்லாப் பக்கத்தாலும் நேராக வந்தது. அந்தத் தாளை மடித்து அலுமாரியில் வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

உங்கள் கம்பனியின் அட்டவணையில் அவர் தொடர்ந்து புகைக்காதவராகவே இருந்தார். அவருக்கான ஒதுக்கம் காணாது என்று உலகத்தில் எனக்கு மட்டும் தெரியும். அது கொஞ்சம் உறுத்தியது.

2017 பங்குனியில் இருமல் வந்தது. முதலில் காலையில் மட்டும், பிறகு எந்த நேரமும். பிரான்சிஸ்கா வற்புறுத்தி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினா. எக்ஸ்றே எடுத்தார்கள். டொக்டர் சிங்களத்தில் சொன்னது இவருக்கு விளங்கவில்லை. தாதி மிஸி ஒரு கடிதத்தைத் தந்து கொழும்புக்குக் கொண்டுபோகச் சொன்னதாக மட்டும் தெரிந்தது. ஆங்கிலக் கடிதம். அதை எடுத்துக்கொண்டு நேரே என்னிடம் வந்தார்.

"என்ன எழுதியிருக்கு எண்டு வாசியுங்கோ அண்ணை. மனிசிக்குச் சொல்லவேணும்."

வாசித்தேன். வலது நுரையீரலின் மேற்பகுதியில் ஒரு நிழல். மேலதிகப் பரிசோதனை தேவை. அவசரம். அவசரம் என்ற சொல்லுக்குக் கீழே பேனையால் இரண்டு கோடு போட்டிருந்தார்கள். நான் அவருக்குத் தமிழில் சொன்னபோது அந்தச் சொல் விடுபட்டுப்போனது.

"பழைய சளி கட்டியிருக்காம். வசதிப்படேக்க கொழும்பில ஒருக்காக் காட்டட்டாம்," என்றேன்.

"அப்ப சோளகக் காத்து முடியப் போவம். இப்ப எஞ்சின் வேலை குவிஞ்சு கிடக்கு," என்றார். முகத்தில் இருந்த பயம் போய்விட்டது. அவரை அப்படிச் சந்தோஷமாகப் பார்த்து நாளாகியிருந்தது. கடிதம் கசங்கிவிடும், என்னிடம் இருக்கட்டும் என்றேன். இப்போதும் அலுமாரியில் இருக்கிறது.

கொழும்பில் போய்ப் படுத்தால் மாதக்கணக்காகும். திரும்பி வந்தாலும் யாரும் அவரைப் புகைக்க விடமாட்டார்கள். அதை நான் எடைபோட்டேன். ஏழு மாதம் கழித்து இரத்தமாகத் துப்பியபோது பிரான்சிஸ்காவே வான் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனா. அங்கே டொக்டர், முன்பே வந்திருந்தால் வெட்டி எடுத்திருக்கலாம் என்றாராம். பிரான்சிஸ்கா இதை என்னிடம் சொன்னபோது, டொக்டர்மார் எப்போதும் அப்படித்தான் சொல்வார்கள் என்றேன்.

2018 மாசியில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பங்குனி ஒன்பதாம் திகதி இறந்தார். கடைசி நாட்களில் நான் அவருடைய கட்டிலருகே போய் இருப்பேன். பேச மூச்சு இல்லை. ஒரு நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தனிய இருக்காதேங்கோ அண்ணை," என்றார். சுவாசம் முட்டும்போதும் என்னைப் பற்றித்தான் யோசித்திருக்கிறார். அப்படிப்பட்ட மனிதர்.

பத்தொன்பது ஆண்டுக்குப் பதிலாக எனக்குக் கிடைத்தது இரண்டே கால் ஆண்டு. அட்டவணையில் பிழை இல்லை. அது ஆயிரம் பேரைப் பற்றியது. ஒரு ஆளைப் பற்றி அது எதுவும் சொல்லாது என்பதை எனக்குக் கீழே வேலை பழகியவர்களுக்கு நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

முப்பத்தோராம் நாள் நினைவுப் பூசை முடிந்து பிரான்சிஸ்கா என் வீட்டுக்கு வந்தா. காப்புறுதிப் படிவங்களை நான்தான் நிரப்பிக் கொடுத்தேன்.

"இந்தக் காசு வந்தவுடன கிறேஸிட்டப் போயிடுவன் அண்ணை," என்றா. "அவையின்ர வீட்டோட ஒரு அறை இறக்கிக் கட்டினால் எனக்குக் காணும். இஞ்ச இருந்து என்ன செய்யிறது?"

அந்த வளவும் வெறுமையாகிவிடும் என்று நான் அதுவரை நினைக்கவில்லை. அன்று நடந்துபோய்ப் பட்டினத்தில் ஒரு தாளும் உறையும் வாங்கினேன். இரண்டு ஆண்டு கடந்த காப்புறுதியை மறுப்பதென்றால் வேண்டுமென்றே மறைத்தார் என்று காட்ட வேண்டும். பெயரில்லாத ஒரு கடிதம் அதற்குப் போதாது, ஆனால் விசாரணை தொடங்கப் போதும். ஆஸ்பத்திரிக் கோப்பை எடுத்துப் பார்த்தால் சந்தேகம் தானாக வளரும். அப்படியே நடந்தது. நீங்கள் காட்டிய அந்தக் கடிதத்தை இடது கையால் எழுதியவன் நான். எழுத்துப் பிழைகளும் நான் போட்டவைதான்.

பத்து மாதமாகப் பணம் வரவில்லை. பிரான்சிஸ்கா போகவில்லை. கையில் ஒன்றும் இல்லாததால், எனக்குச் சமைத்துத் தந்தால் மாதம் இவ்வளவு தருகிறேன் என்றேன். காலையிலும் பின்னேரத்திலும் வந்தா. சொதியும் இடியப்பமும் வைத்துவிட்டு அடுப்படி வாசலில் நின்று புருஷனைப் பற்றிப் பேசுவா. நானும் பேசுவேன். அவரை இந்த ஊரில் எங்கள் இருவரையும் போல அறிந்தவர்கள் இல்லை.

"நீங்கள் இல்லாட்டி நான் என்ன செய்திருப்பன் அண்ணை," என்று ஒரு நாள் கண்ணைத் துடைத்தா. "அந்தப் பாவி ஆரெண்டு தெரிஞ்சால் முகத்தில காறித் துப்புவன்."

துப்பத்தான் வேணும் என்றேன்.

இப்போது கிறேஸுக்குப் பேறுகாலம் கிட்டிவிட்டது. பணம் வந்தாலும் வராவிட்டாலும் வருகிற திங்கட்கிழமை பிரான்சிஸ்கா விடத்தல்தீவுக்குப் போகிறா. மருமகன் லொறி கொண்டுவருகிறான். ஆகவே அந்தக் கடிதத்தால் இனி யாருக்கும் பிரயோசனம் இல்லை. அதை வைத்துக்கொண்டு ஒரு விதவையின் பணத்தை மறித்துவைப்பது நியாயம் அல்ல. நான் அநியாயம் செய்கிறவன் அல்ல. என் முப்பத்து நான்கு ஆண்டுச் சேவைக் கோப்பை எடுத்துப் பாருங்கள், ஒரு பொய்க் கணக்கு இருக்காது.

எனவே என் வாக்குமூலம்: கொன்ஸ்ரன்ரைன் பொய் சொல்லவில்லை. அவரைத் திரும்பப் புகைக்க வைத்தவன் நான். டொக்டரின் கடிதத்தை மறைத்தவன் நான். உங்களுக்குப் பொய்க் கடிதம் எழுதியவன் நான். பணம் முழுவதும் பிரான்சிஸ்காவுக்குச் சேர வேண்டும்.

ஒன்று மட்டும் மிச்சம். இதில் நான் இன்னும் கையெழுத்து வைக்கவில்லை. கையெழுத்தில்லாத வாக்குமூலத்தை உங்கள் கந்தோர் ஏற்காது என்பது எனக்குத் தெரியும். தபாலில் அனுப்பித் திருப்பி வாங்குவது சரிவராது. உங்கள் முன்னால்தான் வைப்பேன். திங்கட்கிழமைக்குப் பிறகு எந்த நாளும் வாருங்கள். ஒவ்வொரு பக்கமாக இருந்து வாசித்து, ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனியே வைக்க வேண்டும், ஒரே நாளில் முடியாது. அவசரப்பட வேண்டாம், தம்பி. பிரான்சிஸ்காவின் பணம் எங்கேயும் ஓடிப்போகாது.